நடந்தது என்று சொல்ல ஓர் ஆள்

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கா என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டாள். அதைச் சொல்ல வாய் வராமல் ஒரு கதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் முயற்சி: அவள் குடிக்கத் தொடங்கியது அந்த

(வேண்டாம். குடியில் ஆரம்பித்தால் நீங்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம்.)

இரண்டாம் முயற்சி: அவள் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். நாற்பது அடுக்குத் துணியைக் கோடு பிசகாமல் வெட்டுவாள். கை நடுங்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடியை நிறுத்தவைக்கிற மருத்துவர், “முதல்ல பாட்டில விடுங்க, பழசெல்லாம் அப்புறம் பேசலாம்” என்றார். மனநல மருத்துவர், “குடிய விட்டுட்டு வந்தாத்தான் பழசப் பேச முடியும்” என்றார். குடிக்காமல் இருந்தால் பழசு வந்து தூங்கவிடாது என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? இருவரும் நான்கு வருடம் அவளைப் பந்தாடினார்கள்.

3

இப்போது அவள் போகிற மறுவாழ்வு மையத்தில் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். புதன்கிழமை பதினொரு மணி, வட்டமாக ஏழு பெண்கள். கதவு பாதி திறந்தே இருக்கும். சாத்தினால் மூன்று பேருக்கு மூச்சு முட்டும். விரும்பினால் வீட்டு ஆள் ஒருவரை அழைத்து வரலாம். அவர் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா போனில் கேட்டாள்.

“சித்தப்பா என்னை அந்த ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனத நீ பாத்தல்ல?”

“அப்ப எனக்கு ஒம்பது வயசுக்கா.”

“வயசக் கேக்கல. பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன்.”

“அத அங்க வந்து சொல்லு. நான் பொய் சொல்றேன்னு அம்மா சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுது. சந்தேகம் வர்ற அன்னைக்குத்தான்டா கை பாட்டிலுக்குப் போகுது.”

அப்போது அவள் குடிக்காமல் ஆறு மாதம் ஆகியிருந்தது. தம்பி வருவான் என்று நம்பினாள். (அவள் மனதுக்குள் அனுமதி கேட்காமல்தான் நுழைகிறேன். எங்கள் குடும்பத்து ஆண்களுக்குக் கேட்டுப் பழக்கமில்லை.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை ஏற்கெனவே ஒரு கதையாக எழுதிப் பேர் வாங்கியிருக்கிறேன். சித்தப்பாவை மட்டும் பக்கத்து வீட்டுக்காரராக ஆக்கிவிட்டேன். என்னைப் படிக்கவைத்தவர் சித்தப்பாதான். அம்மா அந்தக் கதையைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள்.

4

முடிவு அ: தம்பி போய்ச் சொல்கிறான், அக்கா அழுகிறாள். (படிக்க நன்றாக இருக்கும்.)

முடிவு ஆ: தம்பி போகவில்லை, அக்கா குடிக்கிறாள். (இதை இன்னும் நன்றாக எழுதுவேன். வெட்கக்கேடு.)

நடந்தது இதுதான். போன புதன்கிழமை போனேன். ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். “சின்ன வயசு, சரியா ஞாபகமில்ல” என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. “சரிடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு” என்றாள்.

இன்றும் புதன். மணி பதினொன்றரை. அவள் அங்கே போனாளா, தெரியாது, போனை எடுக்கவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நடந்தது. நான் பார்த்தேன். பாருங்கள், அவள் இல்லாத இடத்தில் எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது.