பெயர் எழுத ஓர் இடம்

வீட்டில் அவளைக் கடைக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று அண்ணன்கள், இரண்டு அக்காக்கள், அம்மா, அப்பா என்று எட்டுப் பேர் இரண்டு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த குடும்பம். இருபத்தாறு வயதுவரை ஒரு நாள்கூட அவள் தனி அறையில் படுத்ததில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்துக் கடல் தாண்டி வந்தவள், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அறை பிடித்தாள். முதல் நாள் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நின்றாள். யாரும் தட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா மனசு சுருங்கிப்போகும்.

வந்த முப்பது நாளைக்குள் வசிப்பிடத்தைப் பதிவு செய்து அடையாள அட்டை வாங்கிவிட வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அட்டை இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குள் விடமாட்டார்கள். முதல் தடவை போனபோது புகைப்படத்தில் பல் தெரிகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை உர்ரென்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாள். படம் தேறிவிட்டது. விலாசம்தான் மாட்டிக்கொண்டது.

கண்ணாடி போட்ட பெண் அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு, அந்த அறையில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறாரே என்றார். வீட்டுக்காரர் அதை ஒருவருக்கான அறை என்று எழுதிக்கொடுத்திருந்தார்; பதிவேட்டின்படி அறை நிரம்பிவிட்டது. இரண்டு வழி இருக்கிறது என்று அந்தம்மா பொறுமையாக விளக்கினார். பழைய ஆள் இப்போது அங்கே இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பெயரை நீக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதத்தோடு இரண்டு பேரும் சேர்ந்து வந்து பதிய வேண்டும். அப்போது ஆய்வாளர் ஒருவர் அறைக்கு வந்து பார்ப்பார். கடைக்குட்டி முதல் வழிக்கான படிவத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்தப் பழைய ஆள் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சனிக்கிழமைதோறும் கீழே இந்த அறையின் தபால் பெட்டியில் தன் பெயருக்கு வந்த கடிதங்களை எடுக்க வருவாளே, அவள்தான். நாற்பது வயதிருக்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. முதல் வாரம் மாடிப்படியில் இவளைப் பார்த்ததும், "தமிழாம்மா?" என்று கேட்டு, எந்தக் கடையில் நல்ல அரிசி கிடைக்கும் என்பதிலிருந்து எந்தப் பேருந்தில் ஏறக்கூடாது என்பதுவரை சொல்லிவிட்டுப் போனவள். அன்றிலிருந்து இவளுக்கு அவள் அக்கா.

கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம். பொய்யில்லையே, அக்கா அங்கே இல்லைதானே? இரண்டு நாள் அந்தப் படிவத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். பேனா ஓடவில்லை. சனிக்கிழமை அக்காவை மேலே கூப்பிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்து, படிவத்தை அவள் முன்னால் வைத்தாள்.

அக்கா அதை நிதானமாகப் படித்தாள். பழைய வேலை போனதும் இந்த அறையை விட்டுவிட்டதாகவும், இரண்டு தோழிகள் வீட்டில் மாறி மாறித் தங்குவதாகவும் சொன்னாள். அந்த வீடுகளிலும் பதிவு நிரம்பிவிட்டது. நாலு மாதத்தில் அவளுடைய அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்; விலாசம் விட்டுப்போனால் புதுப்பிக்கமாட்டார்கள், வேலையும் போய்விடும்.

"படுக்க இடம் இருக்கும்மா. பேரு எழுதத்தான் இடம் இல்ல" என்றாள். பிறகு படிவத்தை இவள் பக்கம் தள்ளினாள். "நீ போட்டுடு. படிக்க வந்த பொண்ணு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் அழுதிருந்தால்கூடக் கடைக்குட்டி தாங்கியிருப்பாள்.

ஞாயிறு முழுக்க யோசித்து ஒரு யுக்தி கண்டுபிடித்தாள். இருவர் பெயரையும் பதிந்துவிடுவது. ஆய்வாளர் வரும் அன்று மட்டும் அக்கா வந்து உட்கார்ந்திருப்பது. தரைத்தளத்தில் குடியிருந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அறையில் சத்தம் போடாத வரை எத்தனை பேர் இருந்தால் எனக்கென்ன என்று முனகிக்கொண்டே கடிதம் எழுதிக் கொடுத்தார். அக்காவுக்கு இந்த ஏற்பாட்டில் அரை மனசுதான். ஆனாலும் புதன்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு வந்தாள்.

புதுப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: இருவரும் எந்தத் தேதியிலிருந்து சேர்ந்து வசிக்கிறீர்கள்? கடைக்குட்டியின் பேனா அங்கே நின்றுவிட்டது. போன மாதத் தேதி ஒன்றைப் போட்டால் முடிந்தது. ஆனால் பக்கத்தில் அக்கா கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற காவலாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அவள் எத்தனை வருஷமாக இப்படி உட்கார்ந்திருக்கிறாளோ என்று கடைக்குட்டிக்குத் தோன்றியது. தன் அறையையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பிறகு தேதியை எழுதினாள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இன்னைக்குத் தேதி போட்டிருக்க?"

"ஆமாக்கா. சாயங்காலம் பெட்டிய எடுத்துட்டு வந்துருங்க."

"விளையாடுறியா? உனக்குப் படிக்க வேணாமா?"

"எங்க வீட்ல எட்டுப் பேருக்கு நடுவுல உட்கார்ந்துதான் படிச்சேன். ரெண்டு பேர்னா தாராளம்."

அக்கா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணிப்போயிருந்தது.

ஆறாம் நாள் ஆய்வாளர் வந்தார். புதிதாக வாங்கிப் போட்டிருந்த இரண்டாவது கட்டிலையும் சேர்த்து எண்ணினார், சன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார், எத்தனை நாளாகச் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று அக்காவைக் கேட்டார். ஆறு நாள் என்று தடுமாறாமல் சொன்னாள். அவர் போன பிறகு கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்க வெகு நேரமாயிற்று.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குட்டிக்கு அட்டை வந்தது. அதற்குள் கெடு நாலு நாள் தாண்டிவிட்டது. பதிவு ரசீதைக் காட்டித்தான் கல்லூரியில் தவணை வாங்கியிருந்தாள். நாலு மாதம் கழித்து அக்காவின் அட்டையும் புதுப்பித்து வந்தது. அப்புறமும் மூன்று மாதம் இருந்துவிட்டு, மருத்துவமனைக் குடியிருப்பில் இடம் கிடைத்ததும் அக்கா கிளம்பிப் போனாள். அந்த ஏழு மாதத்தில் கடைக்குட்டி ஒருநாளும் வருந்தவில்லை என்று சொன்னால் அது பொய். அக்கா விடியுமுன் எழுந்து அலமாரியை உருட்டுவாள். சன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று வாரத்துக்கு ஒரு சண்டை வரும். சில சாயங்காலங்களில் கடைக்குட்டி வேண்டுமென்றே நூலகத்தில் தாமதித்தாள். வீடு திரும்பும்போது சாப்பாடு மூடி வைத்திருக்கும். அக்கா காலை நீட்டிக்கொண்டு, சலவைக்கூடத்தில் அன்று நடந்ததைச் சொல்லக் காத்திருப்பாள்.