தொட்டதும் சொல்லணும்

1

இந்தக் கதை ஒரு செருப்பிலிருந்து வந்தது. மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள், கையில் தூக்குவாளி, நல்ல வேக நடை. அவள் இடது காலிலிருந்து செருப்பு கழன்று வழியில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், கடைசியாகத்தான் தன் காலைப் பார்த்தாள்.

"இது எப்ப போச்சு?" என்றாள்.

அதோடு அவள் போய்விட்டாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இருளாயி என்று நான்தான் வைத்தேன். மற்றதெல்லாம் நான் கட்டியது.

அந்த வாரம்தான் தமிழ்ச் சங்க மலர்க்குழுவிலிருந்து வெங்கிடேஸ்வரன் பேசினார். "உடல்நலம் பற்றி ஒரு கதை வேணும் சார். சத்துணவு, உடற்பயிற்சி, முன்கூட்டியே பரிசோதனை, மூணும் வரணும். ஆனா பிரசாரமா இருக்கக்கூடாது." இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்று நான் கேட்கவில்லை. வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "விடியுமுன் எழுந்து நடைப்பயிற்சி செய்யும் இருளாயி..."

(விட்டுவிட்டேன். அவள் விடியுமுன் எழுவது குழாயில் தண்ணீர் பிடிக்க.)

இரண்டாவது: "பாகற்காய்ச் சாற்றின் அருமையை உணர்ந்த..."

(இதையும். உடல்நலக் கதை என்றாலே பாகற்காய் எங்கிருந்தோ வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் கதையில் அதற்கு இடமில்லை. எழுந்து போகட்டும்.)

மூன்றாவது நின்றது: இருளாயிக்கு அவள் வேலைசெய்யும் சுக்குக் களத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு, இரும்புக்கால்.

பஜார் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய பண்டகசாலை, அதன் முற்றத்தில் சிமெண்டுக் களம். இஞ்சியைப் பரப்பிச் சுக்காகக் காயவைப்பார்கள். காய்கிறதைப் புரட்டுவதற்குக் கட்டை, கோல் எதுவும் கிடையாது. பெண்கள் வரிசையாகக் காலை இழுத்து இழுத்து நடப்பார்கள், இஞ்சி புரண்டுகொள்ளும். தின்கிற பொருள் என்பதால் யாரும் செருப்போடு இறங்கமாட்டார்கள். உச்சிவெயிலில் மற்றப் பெண்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு தாவுவார்கள். இருளாயி மட்டும் அம்மன் தேர் மாதிரி நிதானமாகப் போவாள்.

"ஏட்டி, உனக்குச் சுடவே சுடாதா?" என்று கேட்பாள் மூக்கம்மாள், களத்துத் தோழி.

"சுட்டா என்ன, காலுதான?" என்பாள் இருளாயி. அவளுக்கு அதில் பெருமை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் கண்காணிப்பாளர் முகமது இஸ்மாயிலே அவளைக் காட்டிச் சொல்வார்: "அவளைக் கண்டு படிங்க."

3

இப்போது நர்ஸ் ஷைலஜா வரவேண்டும். எனக்கு அவள்மேல் சந்தேகம். முதல் வரைவில் அவள் எப்போதும் சிரித்தபடி, எல்லோர் தோளிலும் கைவைத்து... (இப்படி ஒரு நர்ஸை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்கமாட்டீர்கள்.) ஆகவே ஷைலஜாவுக்குப் பசி. இன்னும் சாயாகூடக் குடிக்கவில்லை. எர்ணாகுளம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். சுகாதார நிலையத்திலிருந்து இலவசப் பரிசோதனைக்கு வந்தவள், பண்டகசாலை வாசலில் ஸ்டூல் போட்டு எரிச்சலோடு உட்கார்ந்திருந்தாள்.

இருளாயி இதுவரை எந்தப் பரிசோதனைக்கும் போனதில்லை. ஒன்றும் இல்லாத உடம்புக்கு எதற்கு டெஸ்ட் என்பது அவள் கட்சி. மூக்கம்மாள் இழுத்துவந்ததால் உட்கார்ந்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்த ஷைலஜா, மெஷினில் வந்த எண்ணைச் சீட்டில் குறித்தாள். பிறகு பையிலிருந்து விறைப்பான நைலான் இழை ஒன்றை எடுத்தாள்.

"சேச்சி, காலை நீட்டு. கண்ணை அடைச்சுக்கோ. நான் தொட்டதும் சொல்லணும், கேட்டோ?"

இருளாயி கண்ணை மூடினாள். கூச்சத்தில் சிரித்துவிடக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது. மூக்கம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"ஆரம்பிங்க சிஸ்டர்," என்றாள் இருளாயி.

"கழிஞ்சு சேச்சி. ரெண்டு காலும் தொட்டாச்சு."

இருளாயி கண்ணைத் திறந்தாள். ஷைலஜாவின் முகத்தில் எரிச்சல் போயிருந்தது. அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து உள்ளங்காலுக்குக் கீழே பிடித்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து புண்ணாகி, அதில் சுக்குத் தூள் அப்பியிருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றாள் இருளாயி.

(ஆம், கிட்டத்தட்டப் படகுத்துறை அம்மாள் கேட்ட கேள்விதான். அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான்.)

"களம் சுட்டதாணு. காலு இரும்பல்ல சேச்சி, சுகர் வந்து நரம்பு உறங்கிப்போச்சு. சூடு சுடும், முள்ளு குத்தும், சேச்சிக்கு மட்டும் தெரியாது."

இருளாயிக்குப் பயத்துக்கு முன்னால் அவமானம் வந்தது. இத்தனை காலம் ஊரார் கைதட்டியது ஒரு நோய்க்கா? அதன் பிறகுதான் பயம். சுமை தூக்கும் செல்லப்பாவுக்குச் சின்ன ஆணிதான் குத்தியது. இன்று அவர் முழங்காலுக்குக் கீழே காலில்லாமல் சந்துமுனையில் உட்கார்ந்திருக்கிறார்.

"எங்காலு போயிருமா சிஸ்டர்?"

"போன உணர்ச்சி திரும்ப வருமான்னு நான் சொல்லமாட்டேன். காலு போகாம நோக்கலாம். அது சேச்சி கையிலாணு. இனி ஒரு அடிகூட வெறுங்காலு வேண்டா."

4

வெங்கிடேஸ்வரன் கேட்ட மூன்றும் இங்கேதான் வரவேண்டும். வரிசையாக எண் போட்டு எழுதிப் பார்த்தேன். மருந்துக்கடைச் சுவரொட்டி மாதிரி இருந்தது. இருளாயி செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரைப் பார்த்தாள். மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். தட்டில் மலையாக இருந்த சோறு மேடானது, அந்த இடத்தில் சிறுபயறும் கீரையும் ஏறின. மத்திக்குழம்பு இருந்தது, வறுவல் போனது. கப்பைக்கிழங்கு ஆசைக்கு இரண்டு துண்டு. பதினோரு மணிச் சாயாவில் சீனி கிடையாது. அதை ஒருவாய் வாங்கிக் குடித்த மூக்கம்மாள், "இது சாயாவா, கழனித்தண்ணியா?" என்று துப்பினாள்.

"கழனித்தண்ணிதான். நீ உன் பாயசத்தைக் குடி," என்றாள் இருளாயி.

சாயங்காலம் படகுத்துறை வரைக்கும் கையை வீசி நடந்து திரும்புவாள். வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்ப்பாள். பார்க்கும்போது திட்டுவாள். "உறங்குனது போதும் மூதேவி. நீ சொல்லாட்டி என்ன, நான் பாத்துக்கிறேன்."

(இந்த வரியை எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே நீக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

5

புண் ஆறும்வரை இஸ்மாயில் அவளை உட்காரவைத்துச் சுக்கு தரம்பிரிக்கச் சொன்னார். நல்ல மனுஷன். ஆனால் அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் அதிகம். புண் ஆறியதும் களத்துக்குத் திரும்பவேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை.

புண் ஆறியது. அன்று காலை இருளாயி ஒரு துணிப்பையோடு வந்தாள். களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, புதுக் கேன்வாஸ் சப்பாத்துகளை எடுத்து, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து மாட்டினாள். கயிற்றை முடிந்துகொண்டிருந்தபோது இஸ்மாயிலின் நிழல் விழுந்தது.

"இருளாயி, களத்துல செருப்பு கேறக்கூடாது. உனக்கு அறியாததா? ஆளுக தின்னுற சாதனமாணு."

"தெரியும் இக்கா. இது கடையிலேருந்து நேரா பைக்குள்ள வந்துச்சு. தெருவ இன்னும் பாக்கல. இனியும் பாக்காது, அந்தச் சுவத்து ஆணியிலதான் தொங்கும். இங்க இறங்குற காலு மீன்கடை, சாக்கடை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் மிதிச்சிட்டு வருது. ரெண்டுல எது சுத்தம்? நீங்களே சொல்லுங்க."

களத்தில் கால்கள் நின்றுவிட்டன. மூக்கம்மாள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

6

முடிவு அ: இஸ்மாயில் தலையாட்டுகிறார். மறுவாரம் எல்லாப் பெண்களுக்கும் சப்பாத்து, வரிசையாக நிற்கவைத்து ஒரு போட்டோ. (வெங்கிடேஸ்வரனுக்கு மிகவும் பிடிக்கும். எனக்குச் சப்பாத்து விளம்பரம் மாதிரி தெரிகிறது.)

முடிவு ஆ: "முதலாளி சம்மதிக்கமாட்டார்" என்கிறார். இருளாயி அழுதுகொண்டே... (இல்லை. இந்த இருளாயி அழமாட்டாள். என் பேனா அந்த இடத்தில் நகரவே இல்லை.)

முடிவு இ: இஸ்மாயில் குனிந்து தன் காலைப் பார்க்கிறார். வாசலில் கழற்றிவைத்த அவருடைய செருப்பு... (இதை எழுதினால் அவருக்கும் ஒரு நோயைக் கட்டிவிட வேண்டிவரும். அவர் பாவம்.)

ஆகவே அவர் பதிலை உங்களிடம் விடுகிறேன். ஆனால் சும்மா கிடைக்காது. செருப்பைக் கழற்றுங்கள். காலை நீட்டிக் கண்ணை மூடுங்கள். வீட்டில் இருக்கிற யாரையாவது கூப்பிட்டு, விரல் நுனியால் உள்ளங்காலை லேசாகத் தொடச் சொல்லுங்கள். எப்போது என்று அவர் சொல்லக்கூடாது. நீங்கள்தான் சொல்லவேண்டும்.

தொட்டது தெரிந்ததா? அப்படியானால் இஸ்மாயில் என்ன சொன்னார் என்பதை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். "ஆரம்பி" என்று நீங்களும் சொல்லும்படி ஆகிவிட்டதா? கதையை இப்படியே மூடிவைத்துவிட்டு, நாளைக் காலையில் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உள்ளே ஒருத்தி எரிச்சலோடு உட்கார்ந்திருப்பாள். பரவாயில்லை, போங்கள்.

இருளாயி உங்களுக்காகவும் நிற்கவில்லை, எனக்காகவும் நிற்கவில்லை. கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டு, இஸ்மாயில் வாயைத் திறக்கும் முன்பே களத்தில் இறங்கிவிட்டாள்.