பாண்டியன் போயிருக்க வேண்டிய ஊர்

நான் பிரான்சிலிருந்து திரும்பி ஆறு நாளாகியும் பாண்டியன் என்னோடு பேசவில்லை. முப்பது வருடமாக ஒரே மெஷினுக்கு எதிரெதிரே கடப்பாரை போட்டவர்கள் நாங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கனமான பிரஸ் மெஷின்கள் செய்கிறது. அதை நகர்த்தி, லாரியில் ஏற்றி, வாங்கியவர் இடத்தில் மட்டம் பார்த்து உட்கார வைப்பது எங்கள் வேலை.

பாண்டியன் என்னைவிடக் கெட்டிக்காரன். ரசமட்டம் வைப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வேலை முடிந்ததும் மெஷினின் அடியில் சாக்பீஸால் காக்கைக்கால் மாதிரி ஒரு குறி போடுவான். அவனுக்கு எழுதத் தெரியாது. அந்தக் குறி இருந்தால் அது அவன் உட்கார வைத்தது, ஆட்டம் கண்டால் அவனைக் கேட்கலாம்.

நானும் நாற்பத்தாறு வயது வரைக்கும் கைநாட்டுதான். என் மனைவி அங்கம்மா இறந்த பிறகு சாயங்காலத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாமல், மேனாம்பேட்டில் பெரியவர்களுக்கு நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பாண்டியனையும் கூப்பிட்டேன். இனிமேல் படித்து என்ன கலெக்டராகவா என்று சிரித்தான். கடையில், பஸ்ஸில், ஷெட்டில், ஆறு மாதம் என்னை வாத்தியார் என்றே கூப்பிட்டான்.

போன வருடம் பிரான்சுக்கு ஒரு பிரஸ் போனது. அதை உட்கார வைக்க இன்ஜினியர் கோகுல்நாத்தோடு ஒரு ஆள் போக வேண்டும். மேனேஜர் இராமகிருஷ்ணன் சார் பாண்டியனைத்தான் நினைத்திருந்தார். பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமே, அவனுக்குக் கையெழுத்து வருமா என்று என்னிடம் கேட்டார். வராது சார், ரேகைதான் என்றேன். அப்படியானால் நீயே போ என்று சொல்லிவிட்டார்.

ரேகை வைத்தாலே பாஸ்போர்ட் கிடைக்கும். எதிர்வீட்டு ஜெகதாம்பாள் அப்படித்தான் எடுத்துக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அது எனக்குத் தெரியும். அவரிடம் நான் சொல்லவில்லை.

அந்த ஊர் ஸ்ட்ராஸ்பூர்க். பன்னிரண்டு நாள் வேலை. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை கோகுல்நாத் என்னை அங்கிருக்கும் பெரிய மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார். கருஞ்சிவப்புக் கல்லில் கட்டியது. ஒரு கோபுரம்தான் இருந்தது, இன்னொன்றைக் கட்டாமலே விட்டுவிட்டார்களாம். கட்டி முடிக்க இருநூறு வருடத்துக்கு மேல் ஆனது என்று அவர் போனைப் பார்த்துப் படித்துச் சொன்னார். அதில் வேலை பார்த்தவன் முடிந்ததைப் பார்த்திருக்க மாட்டான். பிறகு ஒரு கல்லில் கீறியிருந்த கோடுகளைக் காட்டினார். கல் செதுக்கியவர்களின் அடையாளமாம். ஆளுக்கு ஒன்று. முக்கால்வாசிப் பேருக்கு எழுதத் தெரியாது என்றார்.

பிள்ளைகளுக்குச் சாமான் வாங்க அவர் கடைக்குப் போய்விட்டார். நான் மட்டும் சுவரோரமாகவே நடந்தேன். அம்பு மாதிரி ஒன்று, கொக்கி மாதிரி ஒன்று. ஒரு தூணுக்குப் பக்கத்தில் காக்கைக்கால் மாதிரியே ஒன்று இருந்தது. விரலை வைத்துத் தடவினேன். கல் ஜில்லென்றிருந்தது. சுற்றிலும் அத்தனை ஜனம், ஒருவரிடமும் இதைச் சொல்ல முடியாது. சொன்னால் புரிகிற ஆள் ஒருவன்தான். அவனை வரவிடாமல் செய்தவன் நான். உள்ளே நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊருக்குப் போனதும் அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

திரும்பி வந்த ஏழாம் நாள் ஞாயிறு. பாண்டியன் வீட்டுக்குப் போனேன். வாசல் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி முத்தம்மாள் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"வாண்ணா. பாண்டிச்சேரி எப்டி கீது?"

நான் அங்கே போனதாகத்தான் பாண்டியன் வீட்டில் சொல்லியிருக்கிறான் போல, சிரித்து வைத்தேன். அவன் நிமிரவில்லை. போனில் எடுத்திருந்த படத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். ஈரக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ரொம்ப நேரம் பார்த்தான். எழுதத் தெரியாதவர்கள் போட்ட குறி என்று சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் இளகியது.

"இந்தக் கல்லு எவ்ளோ ஒசரத்துல கீது, மச்சான்?"

"இது கைக்கு எட்டற ஒசரம்தான். மேல கோபுரம் வரைக்கும் கல்லுதான்."

"கரண்டு இல்லாத காலம். கிரேன் இல்ல. எப்டி ஏத்தனானுங்க?"

அதைக் கோகுல்நாத்திடம் கேட்க அங்கே எனக்குத் தோன்றவில்லை. சுவரில் கைக்கு எட்டியதை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

"அத்தப் பாக்காம இன்னாத்த பாத்த?" என்றான். கோபமில்லை. நிஜமாகவே ஆதங்கப்பட்டான்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மேனேஜர் கேட்டதையும், ரேகையே போதும் என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னேன். நீ சிரித்த வகுப்பில் கற்ற எழுத்துக்கு ஒரு நாளாவது மரியாதை கிடைக்கட்டும் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று தெரிந்தது.

முத்தம்மாள் உள்ளே போய்விட்டாள். பாண்டியன் போனை என் கையில் கொடுத்தான். மீதி மீனையும் அவசரப்படாமல் கழுவி முடித்தான்.

"எய்தத் தெரியாததால என்ன வுட்டுட்டானுங்கன்னு நெனச்சேன். ஊட்ல கூட சொல்ல வெக்கமா இருந்துச்சு." சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். "நாளைக்கு ஆவடில லோடு எறக்கணும். எதிர்ல நிக்க நம்ம பையன் ஆசிக்க வரச் சொல்லிடறேன், எத்திராஜு."

அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இருபது வருடமாவது இருக்கும்.

மறுநாள் முகமது ஆசிக் அவனுக்கு எதிரே கடப்பாரை போட்டான். புதுப் பையன், இரண்டு முறை அவசரப்பட்டான். பாண்டியன் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். என்னை லாரிப் பக்கம் கயிற்றைப் பிடிக்க விட்டார்கள். மெஷினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் மட்டும் கேட்டது. விடு என்றபோது விட்டேன், இழு என்றபோது இழுத்தேன்.