ராஜாத்தியின் முழங்கை

ஏரியில் இறங்கிவிட்டால் பேச்சு கிடையாது. பிடித்த இறாலைப் போடும் பனையோலைக் கூடையான பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள் எப்படிப் பேசுவார்கள்? கண்ணுக்கும் வேலையில்லை. கலங்கல் தண்ணீரில் எல்லாம் விரல்தான். இறாலின் மீசை விரலில் பட்ட உடனே அமுக்க வேண்டும்.

அந்த விரல்தான் ராஜாத்தியைக் கைவிட ஆரம்பித்திருந்தது. வலது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போய், பிடித்த இறாலெல்லாம் நழுவின. புருஷன் செத்தபிறகு அடுப்பு எரிவதே அந்தக் கையால்தான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை விட்டுவிட்டு முழங்கையின் உள்பக்கம் தட்டினார். சுண்டுவிரல் நுனிவரை கரண்ட் அடித்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா ஜில்லென்று பசை தடவி, முழங்கையில் கருவியை வைத்தாள். திரையில் வெள்ளைக் கோடாக எலும்பு தெரிந்தது. அதன் பின்னால் ஒரு பள்ளத்தில் உருண்டையாக ஒரு நரம்பு.

"கையை மடக்கும்மா."

மடக்கியதும் நரம்பு எலும்பைத் தாண்டி வெளியே துள்ளியது.

"பாத்தியா? நீ கையை மடக்குற ஒவ்வொரு தடவையும் இது உரசுது. வீங்கிப் போயிருக்கு. அந்த ரெண்டு வெரலுக்கும் உணர்ச்சி இது வழியாத்தான் போகுது. இப்பவே கவனிச்சா சரியாகலாம். விட்டா உணர்ச்சி திரும்பாமலே போயிடும். செவ்வாய்க்கிழமை வா, முழங்கைக்குப் பட்டை போடணும்."

வெளியே பெஞ்சு முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிகள். மருமகளைக் கூட்டி வந்திருந்த, அவளோடு ஏரியில் இறால் பிடிக்கிற நாகம்மாள் ராஜாத்தியை மேலும் கீழும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ராஜாத்தி பஸ் இறங்குவதற்குள் சேதி ஊருக்குள் இறங்கிவிட்டிருந்தது. வாசலில் அண்ணன் தங்கவேல் நின்றான்.

"ஸ்கேனாமே? இன்னாத்துக்கு?"

"கைக்குண்ணே."

"கைக்கு எவன்டீ ஸ்கேன் எடுப்பான்? வயித்துல புள்ளை கீதான்னு பாக்குறதுதானே அது?"

அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்கேன் படத்தை நீட்டினாள். தங்கவேல் அதை வெளிச்சத்தில் பிடித்து, வீங்கிய நரம்பின் மேல் விரலை வைத்தான். "இதோ, தலை தெரியுதே!"

"அய்யோ, அது என் முழங்கை!"

"மூடு வாயை. ஊரே சிரிக்குது. இனிமே பொன்னேரிப் பக்கம் போனே, காலை ஒடைப்பேன்."

ஒடித்தால் அதற்கும் பொன்னேரிக்குத்தானே போக வேண்டும் என்று அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை போயிற்று. அடுத்த செவ்வாயும் போயிற்று.

பிறகு ஒரு காலை. ஏரியில் அவளுக்குப் பக்கத்தில் துழாவிக்கொண்டிருந்த நாகம்மாள் திடீரென்று பறியைத் துப்பினாள்.

"ராஜாத்தி! கையி! தண்ணியைப் பாருடீ!"

தண்ணீர் சிவந்திருந்தது. ராஜாத்தி கையைத் தூக்கினாள். சிப்பி ஓடு சுண்டுவிரலை நீளமாகக் கிழித்திருந்தது. நாகம்மாள் முந்தானையால் அழுத்திப் பிடித்தாள்.

"வலிக்கலியா?"

ராஜாத்தி வாயைத் திறந்தாள். பறி கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்த இறால் முழுக்க ஏரிக்கே போயிற்று.

"வலிச்சா நான் ஏன்க்கா ஸ்கேனுக்குப் போறேன்? பொம்பளைன்னா வயிறு மட்டும்தானா? கை, காலு, நரம்பு ஒண்ணும் கெடையாதா? இந்தக் கை செத்துப்போனா நீ வந்து சோறு போடுவியா?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லார் வாயிலும் பறி. ஒவ்வொருத்தியும் அதை எடுத்துவிட்டுக் கிட்டே வந்து விரலைப் பார்த்தாள்.

நாகம்மாள் ராஜாத்தியை இழுத்துக்கொண்டு நேரே கரையேறி, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கவேல் முன்னால் நின்றாள். "இவளுக்குப் புள்ளைன்னு நான் ஊருல சொன்னது பொய்யி. இவ வெரல்ல உசுரே இல்ல. நானே இட்டுக்கினு போறேன், நீ நடுவுல வராதே." தங்கவேல் அந்தச் சுண்டுவிரலைப் பார்த்தான். தலை கவிழ்ந்தது.

பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த நாகம்மாள் கொஞ்ச நேரம் கழித்துத் தன் முழங்கையைத் தடவினாள்.

"எனக்கும் இங்க வலி கீதுடீ, ரொம்ப நாளா. பறியைத் தூக்கவே முடியல. ஊரு இன்னா சொல்லுமோன்னுதான்..."

"ஊருன்னா யாருக்கா? நீதானே? நீயே பஸ்ல கீறே!" என்றாள் ராஜாத்தி, எரிச்சலும் சிரிப்புமாக. "ஒடம்புக்கு ஒண்ணுன்னா வைத்தியத்தைப் பாக்கணும். ஊரு வாயைப் பாத்தா கை போயிடும். எறங்கினதும் நீயும் ஆஸ்பத்திரி சீட்டு வாங்கு."