மருதாயி ஊட்டு விருந்தாளி

நாகலூர்க் கடையில் அந்தப் பெண்ணைப் பார்த்தபோது மருதாயியின் கண்ணில் முதலில் பட்டது முதுகுப்பைதான். ஆளைவிடப் பை பெரிதாக இருந்தது. அவல், வெல்லம், கடலை மிட்டாய், தீப்பெட்டி என்று வாங்கி வாங்கி அதற்குள் திணித்துக்கொண்டே, "இங்க ராத்திரி தங்க எடம் ஏதாச்சும் கெடைக்குங்களா?" என்று கடைக்காரர் அன்பழகனிடம் கேட்டாள்.

"மேல காட்டேஜ் இருக்குதுங்களே."

"போயிட்டுத்தான் வரேங்க. தனியா வந்த பொம்பளைக்கு ரூம் கிடையாதாம். கூட ஆம்பளை யாராச்சும் வரணுமாம்."

"அப்படின்னா கடைசி பஸ்ஸப் புடிச்சு ஏற்காடு டவுனுக்குப் போயிருங்க. அங்க லாட்ஜு நெறைய இருக்குது."

"பஸ் ஏறமாட்டேங்க. கொல்லிமலையில இருந்து நடந்தே வரேன். மேட்டூர்ல காவேரியப் பாக்கற வரைக்கும் எந்த வண்டியிலயும் கால் வைக்கறதா இல்ல."

அன்பழகன் சிரித்துவிட்டார். சோப்பு வாங்க வந்து நின்ற மருதாயிக்குச் சிரிப்பு வரவில்லை, சுர்ரென்று கோபம்தான் வந்தது. தனியா வந்த பொம்பளையாம்! புருஷன் சித்தன் செத்த மறு மாதமே அவள் வேலை செய்யும் காப்பி எஸ்டேட்காரர்கள் இதே பேச்சைத்தான் அவளிடமும் பேசினார்கள். தனிப் பொம்பளைக்கு எதற்கு லைன் வீடு, காலி பண்ணு என்றார்கள். ஆபீஸ் வாசலிலேயே பழியாய்க் கிடந்து, வாய் வலிக்கச் சண்டை போட்டுத்தான் கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றான, ஓர் அறையும் அடுப்படியுமான அந்த வீட்டை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. மலைக்குக் கீழே காணி நிலமும் இல்லை, போய் நின்றால் வா என்று சொல்ல ஆளும் இல்லை.

"ஏனுங் அம்மிணி, பேரென்ன?"

"சசிரேகாங்க."

"நட, என்ற ஊட்டுக்குப் போலாம்."

அன்பழகனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "மருதாயி, லைன்ல வெளியாளக் கூட்டிட்டுப் போய்த் தங்க வெச்சா ரைட்டர் சும்மா இருப்பாரா?"

"அவரு சும்மா இருந்தா என்ன, தையத் தக்கான்னு குதிச்சா என்ன? காட்டெருமை சுத்தற எடத்துல இந்தப் புள்ளையக் கொண்டுபோய்ப் படுக்கச் சொல்றீங்களா?"

வாய்தான் அப்படிப் பேசியது. வழியெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று பயந்து பயந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எஸ்டேட் வீடுகளுக்கு ஒரு சட்டம் உண்டு. காதுகுத்து, கருமாதி என்று உறவுக்காரர்கள் வந்தால் தங்கலாம். அதற்கும் பொழுது சாய்வதற்குள், எஸ்டேட்டில் கணக்கெழுதி ஆட்களை மேய்க்கிற ரைட்டரிடம் போய், இன்னார் வந்திருக்கிறார், எனக்கு இன்ன முறை என்று சொல்லிவிட வேண்டும். உறவில்லாத ஆளைத் தங்க வைத்தால் வேலையும் போகும், வேலையோடு வீடும் போகும். மருதாயி ரைட்டரைத் தேடிப் போகவில்லை. கேட்டால் பொய்யைச் சொல்லிக்கொள்ளலாம், வலியப் போய்ச் சொல்வானேன் என்று அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

சசிரேகாவின் குதிகால் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. "அடப் பாவமே, இதோட எப்படிக் கண்ணு நடந்த?" என்று பதறிப்போய் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள் மருதாயி. ஈரமான பெரிய ஷூ இரண்டும் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. அங்கேதான் கோட்டை விட்டாள். அந்த லைனில் அப்படி ஒரு ஷூ யாரிடம் இருக்கிறது? அந்தப் பக்கமாகப் போன ரைட்டர் சத்யராஜ் அப்படியே நின்றுவிட்டார்.

"மருதாயி! யாரு வந்திருக்கறது?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எங்க சின்னம்மா மகளுங்க. வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன்."

அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாள். ஆனால் அது லைன். ஒரு வீட்டில் ரைட்டர் குரல் கேட்டால் பத்து வீட்டுக் கதவு திறக்கும். பக்கத்து வீட்டு வீராயி, தோழியைக் காப்பாற்றுகிற வேகத்தில் ஓடிவந்து, "மருதாயிக்கு நாத்தனா முறைங்க, சித்தன் வழியில" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் எதிர் வரிசைச் சென்னம்மாள், "அட, நம்ம மருதாயியோட அண்ணன் சம்சாரமுங்க, நான் கல்யாணத்துக்கே போயிருக்கறேன்" என்று முடித்து வைத்தாள். மருதாயிக்கு அண்ணனே கிடையாது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீராயி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குது," என்றார் ரைட்டர். "ஒரே ஆளு தங்கச்சி, நாத்தனா, அண்ணி! இப்படி ஒரு சொந்தத்த நான் பாத்ததே இல்ல. ஏம்மா, உள்ள இருக்கறவங்களே, நீங்க சொல்லுங்க. இவளுக்கு நீங்க என்ன முறை?"

சசிரேகா பையை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தாள். "என்னால அக்காவுக்குத் தொந்தரவு வேண்டாங்க. நான் கெளம்பறேன். எங்கயாச்சும் மரத்தடியில படுத்துக்கறேன்." அப்படியே நின்றபடி ஷூவுக்குள் காலை விட்டாள். வலியில் அவள் முகம் கோணியது.

அந்த முகத்தைப் பார்த்ததும் மருதாயிக்கு இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சீ, இதற்கு ஒரு பொய்யா? எட்டி அந்தப் பையைப் பிடுங்கி வீட்டுக்குள் வைத்தாள்.

"ஒறவு இல்லீங்க," என்றாள். "தங்கச்சியும் இல்ல, நாத்தனாவும் இல்ல. இன்னிக்குச் சாயங்காலம் கடையில பாத்தேன். காட்டேஜ்ல தொரத்திட்டாங்க, நான் கூட்டிட்டு வந்தேன். கால் புண்ணு ஆறற வரைக்கும் என்ற ஊட்லதான் இருப்பா."

"சட்டம் தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் பேசறயா? வேலை போயிருச்சுன்னா இந்த ஊடு உனக்கில்ல. மேனேஜருக்குப் போன் போடட்டுமா?"

"போடுங்க. ஒண்டிப் பொம்பளைக்கு ரெண்டு ராத்திரி படுக்க எடங் குடுத்தா, அதுக்காக மருதாயி ஊட்டப் புடுங்கோணும்னு சொல்லுங்க. நானும் கேக்கறேன்."

ரைட்டர் போனை எடுத்தார். போடவில்லை. "நீ நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம்" என்றார்.

"வரலைங்க."

"நானும் வரலைங்க," என்றாள் வீராயி. சென்னம்மாள் ஒரு படி மேலே போனாள். "எங்க ஊட்ல நாலு பேருங்க. நாலு பேரும் வரலைங்க."

காப்பிப் பழம் சிவக்கச் சிவக்கப் பழுத்து நிற்கிற காலம் அது. பறிக்க ஆளில்லை என்றால் மொத்தமும் செடிக்கடியில் உதிர்ந்துவிடும். அப்புறம் மேனேஜர் பிடிப்பது மருதாயியின் சட்டையை அல்ல, ரைட்டரின் சட்டையை. சத்யராஜ் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு எல்லாரும் நேரத்துக்கு வேலைக்கு வந்து சேருங்க. வாய் மட்டும் இல்லீன்னா உங்களையெல்லாம் நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்," என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் தலை மறைகிற வரைக்கும் மருதாயி பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணியாம் அண்ணி! எனக்கு எங்கடி அண்ணன்?" என்று சென்னம்மாளைப் பார்த்துக் கத்தினாள். பிறகு மூவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் சசிரேகா கிளம்பினாள். வீராயி ராகி மாவு கொடுத்தாள், சென்னம்மாள் வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்தாள், மருதாயி புளிச்சோறு கட்டித் தந்தாள். போகிறபோது சசிரேகா தயங்கினாள்.

"அக்கா, எனக்குப் பின்னாடி இதே வழியில ரெண்டு பேர் நடந்து வராங்க. ரெண்டும் பொண்ணுங்கதான், வியாழக்கிழமை இங்க வந்துருவாங்க. இங்க எடம் கெடைக்காதுன்னா இப்பவே திரும்பிடலாமான்னு போன்ல கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

மருதாயி அந்த ஒற்றை அறையைத் திரும்பிப் பார்த்தாள். "வரச் சொல்லு கண்ணு" என்றாள்.

அன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் எல்லோரும் கூடை கட்டிக்கொண்டு நின்றார்கள். ரைட்டர் யார் யார் எந்தக் காப்பிக் காட்டுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். மருதாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங் ரைட்டர், வியாழக்கிழமை என்ற ஊட்டுக்கு ரெண்டு பேர் வராங்க. பொழுது சாயறதுக்குள்ள சொல்லோணும்னு சட்டம் இருக்குதில்லீங்க? அதான் இப்பவே சொல்லிப்போட்டேன்."

சத்யராஜ் தலையை நிமிர்த்தினார். "என்ன முறை?"

"ஒரு முறையும் இல்லீங்க," என்றாள் மருதாயி, கடைசி வரிசையில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி.