பெயர் மாற்றப்பட்டுள்ளது

தபாலில் நாலு நாள் பிந்தி வந்த உறையைப் பிரித்ததும் டீச்சருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்வானேன்? ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசு குளிர்ந்துதான் போனது. அவள் ஊழியம் செய்யும் கிறிஸ்தவச் சங்கத்தின் மாத இதழில், அட்டையைப் புரட்டியதும் முதல் பக்கத்திலேயே அவள் எழுதி அனுப்பிய சாட்சி, ஒருத்தி மனம் திரும்பிய கதை, வந்திருந்தது. 'குப்பையில் கண்டெடுத்த மாணிக்கம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வேறு.

அடுத்த நொடி படம் கண்ணில் பட்டது. வெடி! பாதிப் பக்கத்துக்கு, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்குக் கீழே எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பெயர் மாற்றப்பட்டுள்ளது'.

பெயரை மாற்றினார்களாம், பெயரை! முகத்தை என்ன செய்தார்கள் மகானுபாவர்கள்? மூக்கோரத்து மச்சம்கூடப் பளிச்சென்று விழுந்திருந்தது. வெடியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் குப்பை பொறுக்குகிறவர்களின் அந்தக் குடியிருப்பில் ஒருத்தர் கிடையாது. அவள் சிரித்தால் வெடி வெடித்த மாதிரி இருக்கும், அதனால் வெடி. மாற்றுவதற்கு அவளுக்கு அந்த முகம் ஒன்றுதான் இருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

டீச்சர் அவசரமாக வாசலைப் பார்த்துக்கொண்டாள். இதழை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். சரி, இது குடியிருப்பு ஜனங்கள் கண்ணில் எங்கே படப்போகிறது என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். சந்தா கட்டுகிறவர்கள் எங்கோ பெரிய பெரிய வீடுகளில் இருக்கிறார்கள். படிப்பார்கள், ஜெபிப்பார்கள், அப்புறம் பழைய பேப்பரோடு போட்டுவிடுவார்கள்.

பழைய பேப்பரோடு!

அந்த நகரத்துப் பழைய பேப்பர் அத்தனையும் எங்கே போய்ச் சேரும் என்று டீச்சரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தினமும் காலையில் மூன்று வண்டி வந்து கொட்டும். வெடியும் மற்ற பெண்களும் தகரக் கொட்டகையில் குந்தி உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். வெள்ளைத்தாள் ஒரு குவியல், செய்தித்தாள் ஒரு குவியல், அட்டை ஒரு குவியல். வழவழவென்று கலர் படம் போட்டதெல்லாம் கடைசிக் குவியல், ஏனென்றால் அதற்கு விலை கம்மி. சங்கத்தின் இதழ் நல்ல வழவழப்பான தாளில்தான் அச்சாகும். எந்தக் குவியலுக்குப் போகும் என்று சொல்லவே வேண்டாம்.

போனால் போகட்டும், படிக்கத் தெரியாத ஜனம் என்று விட்டிருக்கலாம், இரண்டு வருஷத்துக்கு முன்னால். இப்போது பதினோரு பெண்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். யார் சொல்லிக்கொடுத்தது? சாட்சாத் இந்த அம்மாதான்.

அவள் அங்கே வந்தது அந்த வேலைக்கு இல்லை. சங்கத்தின் பட்டியலில் அந்தக் குடியிருப்புக்குப் பெயர் 'எட்டப்படாதவர்கள்', அதாவது வேதம் போய்ச் சேராதவர்கள். வந்த புதிதில் அதை வாய்தவறி வெடியிடம் சொல்லிவிட்டாள். "எட்டப்படாதவங்களா? பஸ்ஸ விட்டு எறங்கி ரெண்டு நிமிஷம் நடந்தா வந்துருமே டீச்சர்!" என்று வெடி சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வேதத்தைக் கேட்க ஆள் வரவில்லை. எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்றதும் வந்தார்கள். மத்தியானம் வண்டி ஓய்ந்த பிறகு, அட்டைப் பெட்டியிலும் மருந்துச் சீட்டிலும் இருக்கிற எழுத்துகளைத்தான் பாடமாக வைத்தாள். வெடிக்குப் படிப்பு கற்பூரம் மாதிரிப் பற்றிக்கொண்டது.

ஒருநாள் மழையில் மற்றவர்கள் போய்விட, வெடி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அதைச் சொன்னாள். கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்னால், வேறு ஊரில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தபோது, அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. பிறந்த இரண்டாம் நாள் அதை ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். புருஷனுக்குத் தெரியாது. ஒரு ஜீவனுக்கும் தெரியாது. "இதையும் ஆண்டவர் மன்னிப்பாரா டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் கலப்படம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்த வாரமே செயலாளரின் போன் வந்தது. "ரெண்டு வருஷமாச்சும்மா. ஒரு ஞானஸ்நானம் உண்டா? ஒரு சாட்சி உண்டா? படிப்புச் சொல்லிக் குடுக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நாம ஆத்துமாவுக்காகப் போறோம். இந்த மாசமும் ஒண்ணும் இல்லன்னா அந்த இடத்த மூடிட வேண்டியதுதான்."

மூடிவிட்டால் வகுப்பும் போய்விடும், வெடியும் போய்விடுவாள். அப்படி நினைத்துத்தான் வெடி சொன்னதை எழுதினாள். கூடவே போனில் இருந்த படத்தையும், 'அலுவலகக் கோப்புக்கு மட்டும்' என்று சொல்லி அனுப்பினாள். செயலாளருக்கு ஒரே புளகாங்கிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வெடிக்கு ஞானஸ்நானம், கேமராவோடு அவரே வருகிறார் என்று ஏற்பாடாகிவிட்டது.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடாத குறையாகக் கிளம்பினாள். கொட்டகையில் கடைசிக் குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் புரட்ட ஆரம்பித்தாள்.

"என்ன டீச்சர், வேலைக்குச் சேந்துட்டீங்களா? கையுறை போட்டுக்கங்க, கண்ணாடித் துண்டு கெடக்கும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "வெடிக்குப் பதிலா வந்திருக்காங்கடி. அவதான் இன்னிக்கு லீவாச்சே" என்றாள்.

"லீவா? ஏன்?"

"தலைவலியாம். சும்மா சொல்றா டீச்சர்! படம் பொஸ்தகத்துல வந்துருச்சில்ல, இனிமே குப்பையில கை வைப்பாளா மகாராணி? அவ புருஷன் நேத்து சாயங்காலம் அந்தத் தாள எடுத்துக்கிட்டு தெருத் தெருவா ஆடுனான் பாருங்க! உறைகூடப் பிரிக்காம எவனோ போட்டிருக்கான், அதுக்குள்ள இருந்துருக்கு. படிக்கலாம்னு கேட்டோம், கையிலேயே குடுக்கல. செவத்துல ஒட்டப்போறேன், வந்து பாருங்கன்னுட்டான். வேலை முடிஞ்சதும் எல்லாரும் அங்கதான் போறோம்."

உறைகூடப் பிரிக்கவில்லையாம். எந்தப் பெரிய வீட்டில் உருகி உருகி ஜெபிப்பார்கள் என்று நினைத்து எழுதினாளோ, அந்த வீட்டில் அதைத் திறக்கக்கூட இல்லை. டீச்சர் கையிலிருந்த தாளைப் போட்டாள். எழுந்து வெடியின் அறையைப் பார்த்து நடந்தாள்.

வெடியின் புருஷனை லாரி என்பார்கள். மூன்று மூட்டையை ஒரே தூக்காகத் தூக்குவான், அதனால் லாரி. நல்ல மனுஷன்தான், ஆனால் வகுப்புக்கு மட்டும் வரவே மாட்டான். "மூட்ட தூக்கறதுக்கு எழுத்து எதுக்கு டீச்சர்?" என்று நழுவிவிடுவான். இரண்டு வருஷமாக டீச்சர் காலை ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை.

அந்த லாரி, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, கையில் புத்தம்புது நோட்டும் பென்சிலுமாக வாசலில் நின்றான்.

"ஆயுசு நூறு டீச்சர் உங்களுக்கு! உங்களத் தேடித்தான் கெளம்புனேன். வா வான்னு எத்தன தடவ கூப்பிட்டிருப்பீங்க? இதோ வந்துட்டேன். எழுத்து சொல்லிக் குடுங்க."

கேட்ட ஜெபம் இப்படியா பலிக்க வேண்டும்?

"என் பொண்டாட்டியப் பத்தி அச்சுல போட்டிருக்காங்க. அத நானே படிக்கணும். இவளக் கேட்டா, 'எனக்கு இன்னும் அவ்வளவு தூரம் வரல'ங்கறா. ரெண்டு வருஷமா என்னத்தக் கிழிச்சாளோ! உள்ள வாங்க."

ஒரே அறைதான். அடுப்பு, கட்டில், தண்ணீர் பீப்பாய். பீப்பாய்க்கு மேலே சுவரில் ஆணி அடித்து ஒரு துண்டு தொங்கியது. அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வெடி நின்றாள். சிரிப்பைத் தொலைத்த அந்த முகத்தை டீச்சருக்கு அடையாளமே தெரியவில்லை. படித்துவிட்டாள் என்பது பார்த்த மாத்திரத்தில் புரிந்தது.

"தள்ளும்மா. நாள் பூரா அந்தச் செவத்த நீதான் தாங்கிக்கிட்டு இருக்கியா?" லாரி துண்டை உருவினான். நாலு மூலையிலும் கோந்து தடவி, ஒரு சுருக்கம் இல்லாமல் பக்கத்தை ஒட்டியிருந்தான். "நான் கத்துக்கிட்டு வர ஒரு வருஷமாகும். அதுவரைக்கும் பொறுக்காது. இப்ப நீங்களே படிச்சுக் காட்டுங்க டீச்சர்."

டீச்சர் வெடியைப் பார்த்தாள். வெடி தரையைப் பார்த்தாள்.

டீச்சர் விரலை முதல் வரியில் வைத்தாள். "இந்தச் சகோதரி ஒரு நல்ல உழைப்பாளி," என்று ஆரம்பித்தாள். அங்கே அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. "கணவர்மேல் மிகுந்த பாசமுள்ளவர். படிப்பில் கெட்டிக்காரி." வாய் பாட்டுக்கு இட்டுக்கட்டிக்கொண்டே போனது. ஆண்டவருடைய ஊழியக்காரி நின்ற நிலையில் இப்படிப் புளுகுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

லாரிக்கு முகமெல்லாம் வாய். "அப்படிப் போடு! இந்தா, நடுவுல பெரிய எழுத்தா இருக்கே, இது என்ன?"

"அது... 'கர்த்தர் நல்லவர்'."

அவன் பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்தான். தினமும் மூட்டைகளைக் கண்ணாலேயே எண்ணித் தூக்குகிறவன். "நீங்க சொன்னது ரெண்டு துண்டு. இங்க நாலு துண்டு இருக்கே டீச்சர்? ஒண்ணு வண்டி நீளத்துக்கு இருக்கு."

டீச்சரின் விரல் அந்த வரியிலிருந்து நழுவியது.

"விடுங்க டீச்சர்," என்றாள் வெடி. "வகுப்புக்குப் போறேன்னு நோட்டு வாங்கிட்டான். எத்தன நாளைக்கு மறைக்க முடியும்? அவளுங்களும் சாயங்காலம் வந்துருவாளுங்க. நானே படிக்கிறேன்."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, பெரிய எழுத்தில் விரலை வைத்தாள். வகுப்பில் வைப்பதைப் போலவே, எழுத்துக்கு அடியில், மெதுவாக.

"பெ... ற்... ற. பெற்ற. பிள்... ளை... யைக். பிள்ளையைக். குப்பைத்... தொட்டியில்." குப்பை என்ற சொல்லில் மட்டும் அவள் தடுமாறவில்லை. அதுதான் முதல் பாடம். "எ... றிந்... தவள்."

பிறகு வெடி திரும்பினாள். புருஷன் பக்கம் இல்லை, டீச்சர் பக்கம்.

"எறியல டீச்சர். துணியில சுத்தி, ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சு மேல வச்சேன். நர்ஸம்மா வந்து தூக்கற வரைக்கும் செவத்துக்குப் பின்னால நின்னு பாத்தேன். உங்ககிட்ட சொன்னேனே? அப்ப நீங்களும் அழுதீங்களே? பின்ன ஏன் இப்படி எழுதுனீங்க?"

அலுவலகத்தில் மாற்றிவிட்டார்கள் என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள். படத்தைப் போட்டது அவர்கள்தான். ஆனால் அந்த வார்த்தை அவளுடையது. 'விட்டுவிட்டு வந்தவள்' என்று முதலில் எழுதி, அடித்து, 'குப்பைத்தொட்டியில் எறிந்தவள்' என்று மாற்றினாள். குப்பை பொறுக்குகிறவளுக்கு அதுதான் பொருத்தமாக இருக்கும், படிக்கிறவர்கள் மனம் உருகும் என்று பட்டது. எழுதிய பேனாகூட ஞாபகம் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

லாரி தரையில் உட்கார்ந்துவிட்டான். மூன்று மூட்டை தூக்குகிற தோள் இரண்டும் தொய்ந்துவிட்டன. நோட்டு மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "எப்போ?" என்றான்.

"உன்னக் கட்டறதுக்கு மூணு வருஷம் முன்னால."

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

அவன் சுவரை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபமா, அழுகையா, டீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "பொண்ணுன்னு அதுல போட்டிருக்கா?"

"தெரியல. கடைசி வரைக்கும் இன்னும் படிக்கல."

"படி. ஒரு எழுத்து விடாம எல்லாத்தையும் படி. எது நெசம், எது பொய்யின்னு அங்கங்க சொல்லு."

டீச்சர் தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வந்தாள். கடினமான எழுத்து வரும்போது வெடியின் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிற பழக்கம். "நான் வேணும்னா..."

"வேணாம். நீங்க கெளம்புங்க டீச்சர்," என்றாள் வெடி. குரலில் ஒரு சூடும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "மிச்சத்த நாங்க படிச்சுக்கறோம். ஞாயித்துக்கிழமை யாரும் வர வேணாம்னு சொல்லிருங்க."

டீச்சர் வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை என்பது செருப்பைத் தேடும்போதுதான் உறைத்தது. செருப்பு காலுக்கடியிலேயே இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் திரும்பிப் போகக் கால் வரவில்லை.

உள்ளே வெடியின் குரல் எழுத்து எழுத்தாக ஊர்ந்து போய், ஒரு சொல்லில் இடறி நின்றது. "இர... இர... ட்..." மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் அங்கேயே நின்றது. 'இரட்சிப்பு'. அது கஷ்டமான சொல், அட்டைப் பெட்டி எதிலும் வராது, அதனால் டீச்சர் அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. வாசலில் நின்றபடி அவள் உதடு அதைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது.

"அது கெடக்கட்டும், தாண்டிப் போ," என்றான் லாரி உள்ளேயிருந்து. "பொண்ணுன்னு எங்கயாவது இருக்கான்னு பாரு."