ஒலீட்டாவின் ஆறு பாகம்

ஒலீட்டா கண்ணை மூடுவதற்கு முன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நாம குளிர்காலத்துல பாஸ் மீன் பிடிக்கிற எடத்துலயே என் சாம்பலக் கரைச்சிடுங்க." புருஷன் ஹார்லன் தலையாட்டிவிட்டார். இப்போது ஜனவரிக் குளிரில், அவள் கோட்டால் சுற்றிய சாம்பல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இடம் தெரியாமல் ஏரி நடுவில் முழிக்கிறார்.

படகோட்டுவது அவர், ஆழம் பார்ப்பது அவள். அதுதான் வழக்கம். இடிந்த பாலத்தூணுக்கு நேராக அவர் படகை விட, முன்னால் உட்கார்ந்து ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்குவாள். தரை தட்டியதும் இழுத்து, இரண்டு கையையும் விரித்து விரித்து, ஒரு விரிப்பு ஒரு பாகம் என்று அளப்பாள். "ஆறு பாகம். நிறுத்துங்க!" அணை கட்டியபோது முழுகிப்போன சரளைச் சாலை அங்கேதான் கிடக்கிறது. குளிரில் பாஸ் மீனெல்லாம் அதன் ஓரத்தில் ஒண்டிக்கொள்ளும்.

"பாகம்னா ஆறடி, அத்தான். ஊருக்கே தெரியும்," என்றான் வெர்லின், ஒலீட்டாவின் தம்பி. படகும் அவனுடையது, ஆழம் காட்டும் கருவியும் அவனுடையது. "முப்பத்தாறடி. இந்தா, திரையில பாருங்க."

ஹார்லன் குண்டை இறக்கினார். சரளை என்றால் விரலில் 'டொக்'கென்று தெரியும். இது சேற்றில் புதைந்தது. தன் கையாலேயே ஆறு பாகம் அளந்து, இன்னும் தள்ளிப் போய்ப் பார்த்தார். அங்கேயும் சேறுதான்.

"போதும் அத்தான். கை வெறைச்சுப் போச்சு. அக்கா கோவிச்சுக்க மாட்டா, இங்கயே..."

"சேத்துலயா? செருப்புல சேறு பட்டாலே என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாடா அவ."

சொல்லும்போதே அழுகை முட்டியது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும், பெண்டாட்டி கேட்ட ஒரு காரியத்தைச் செய்ய வக்கில்லை. கோட்டை உருவி முகத்தைத் துடைத்தார். கோட்டின் கை முனை மடித்துத் தைத்திருந்தது. கடையில் எந்தக் கோட்டு வாங்கினாலும் அதன் கை அவளுக்கு நீளம்தான். வந்த அன்றே மடித்துத் தைத்துவிடுவாள்.

அவளே குள்ளச்சி. அவள் பாகம் எப்படி ஆறடி இருக்கும்?

கோட்டைப் பலகையில் கை விரித்துக் கிடத்தினார். இரண்டு பக்கமும் மணிக்கட்டுக்கு அப்பால் அவள் பிடிக்கும் ஒரு பிடி சேர்த்து, நூலை அதன்மேல் ஆறு தடவை ஓட்டி முடிச்சுப் போட்டார். வெர்லின் ஆழம் குறைந்த கரைப்பக்கம் படகைத் திருப்பினான். முடிச்சு தண்ணீரைத் தொட்டபோது விரலில் 'டொக்'.

டப்பாவைக் கவிழ்த்துவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள்.

பிறகு வெர்லின் மூக்கைச் சிந்திக்கொண்டு கருவியை நோண்டினான். "எடத்தக் குறிச்சு வெச்சுக்கறேன் அத்தான். நாளைக்கு உங்களையும் இங்கதானே..."

"இங்கதான். ஆனா உன் கையால அளந்து தொலைச்சிடாதடா." ஹார்லன் கோட்டை மடித்து அவனிடம் நீட்டினார். "வரும்போது இத எடுத்துட்டு வா."